வராத கிராமின் கணக்கு

ஒரு வேதிப்பொருளைத் தயாரித்து, வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு முடித்த பிறகு ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியில் ஒரு விழுக்காட்டை எழுதுவது எங்கள் தொழிலின் வழக்கம். கல்லூரி ஆய்வகத்தில் “ஈல்டு எவ்வளவு வந்தது?” என்று கேட்பார்கள், மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறும்போதும் அதே கேள்விதான். எண்பது என்றால் முகம் மலர்கிறது, ஐம்பது என்றால் வாடுகிறது. வேதியியலைப் பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. விழுக்காடு இரண்டு எண்களை வகுத்து வருவது. மேலே நிற்பது தராசு காட்டிய எடை. கீழே நிற்பது கணக்குப்படி வந்திருக்க வேண்டிய எடை, அதாவது கோட்பாட்டு விளைச்சல். வகுத்து முடித்ததும் இரண்டும் கண்ணிலிருந்து போய் ஒற்றை எண் மட்டும் மிஞ்சுகிறது. வினை நமக்குச் சொல்லவந்த செய்தியும் அதோடு போய்விடுகிறது. கீழே நிற்கும் எண்ணை வினை தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் வகுப்பதற்கு முன் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்து வரும் ஒவ்வொரு கிராமும் எங்கே போனது என்று பதில் சொல்ல வேண்டும். கோட்பாட்டு விளைச்சலைக் கணக்கிடக் கற்பதன் பயன் இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லோருக்கும் பழகிய வினை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆஸ்பிரின் தயாரிப்பு. 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தைக் கூம்புக்குடுவையில் போட்டு, 5 மில்லிலிட்டர் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஊற்றி, சில துளி அடர் கந்தக அமிலம் சேர்த்து வெந்நீரில் வைத்துச் சூடாக்குகிறோம். பிறகு தண்ணீர் விட்டுக் குளிரவைத்தால் வெண்மையான படிகங்கள் பிரிகின்றன. சாலிசிலிக் அமிலத்தின் மோலார் நிறை 138.12 கிராம். ஆகவே 2 கிராமில் 0.0145 மோல் இருக்கிறது. அன்ஹைட்ரைடின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.08 கிராம், 5 மில்லிலிட்டரின் எடை 5.4 கிராம், அதன் மோலார் நிறை 102.09 கிராம் என்பதால் 0.0529 மோல். சமன்பாடு ஒன்றுக்கு ஒன்று என்று கேட்கிறது. எனவே முதலில் தீர்ந்துபோவது சாலிசிலிக் அமிலம்தான். பாடநூல் இதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறது. 0.0145 மோல் அமிலம் அதிகபட்சம் 0.0145 மோல் ஆஸ்பிரினைத்தான் தரமுடியும். ஆஸ்பிரினின் மோலார் நிறை 180.16 என்பதால் வரவேண்டியது 2.61 கிராம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இந்த எண் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். பின்னால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தராசு காட்டிய எடை நம் மனத்தை முந்திக்கொள்ளும். கணக்கில் ஒரு பிழை நேர்ந்து விழுக்காடு அழகாக வந்துவிட்டால் அந்தப் பிழையைத் தேட யாருக்கும் கை வராது. முன்பே எழுதிய எண்ணுக்கு எந்தப் பக்கமும் சாய்வில்லை.

மோல் வழியாகத்தான் போகவேண்டுமா, எடைக்கு எடை பார்த்தால் போதாதா என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். அலுமினியத்திலிருந்து பொட்டாஷ் படிகாரம் தயாரிக்கும் பரிசோதனை இதற்குச் சரியான பதில். அலுமினியத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, கந்தக அமிலம் சேர்த்துப் படிகமாக்கினால் ஒவ்வொரு அலுமினிய அணுவும் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளோடு கூடிய படிகாரமாக வந்து உட்காருகிறது. 27 கிராம் அலுமினியத்துக்கு 474 கிராம் படிகாரம்; ஒரு கிராம் போட்டால் 17.6 கிராம். ஒரு கிராம் போட்டு ஏழு கிராம் படிகாரம் மட்டுமே பெற்றவர், போட்டதைவிட ஏழு மடங்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருக்கலாம். உண்மையில் அவர் கைக்கு வந்தது நாற்பது விழுக்காடுதான். சுண்ணாம்புக் காளவாசலில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. நூறு கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு காற்றில் போக, எஞ்சும் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ. எடை பாதியாகிவிட்டதே என்று சூளைக்காரரைக் குறை சொன்னால் அது அநியாயம். அவர் ஒரு கிராமைக்கூட இழக்கவில்லை. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. சூளைக்குள் போவது தூய கால்சியம் கார்பனேட் இல்லை, கல். அந்தக் கல்லில் தொண்ணூறு விழுக்காடுதான் கார்பனேட் என்றால் வரவேண்டிய சுண்ணாம்பு 50.4 கிலோ, அதோடு சுடாத மண்ணும் மணலும் பத்துக் கிலோ சேர்ந்து தராசு 60.4 காட்டும். கல்லைத் தூயது என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போட்டவருக்கு நூற்றெட்டு விழுக்காடு விளைச்சல் கிடைத்ததாகத் தெரியும். ஆகவே புட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் உள்ள தூய்மை, அது நீரோடு கூடிய படிகமா நீரற்றதா என்ற விவரம், எல்லாம் சேர்ந்ததுதான் கோட்பாட்டு விளைச்சல். மயில்துத்தத்துக்கு 249.7 என்று போடவேண்டிய இடத்தில் நீரற்ற காப்பர் சல்பேட்டின் 159.6-ஐப் போட்டால் அதற்குப் பின் எவ்வளவு கவனமாக எடை போட்டும் பயனில்லை. 1789-இல் லவாய்சியே பொருண்மை அழியாது என்பதைத் தன் நூலில் எழுதினார். 1792-இல் ஜெர்மானியரான ரிக்டர், எது எவ்வளவோடு வினைபுரியும் என்ற அளவுக் கணக்கைத் தனித் துறையாக்கி நூல் வெளியிட்டார். அதற்குப் பின் இந்தக் கணக்கில் ஊகத்துக்கு இடமில்லை.

இப்போது ஆஸ்பிரினுக்குத் திரும்புவோம், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் வினையே நடக்காத குடுவையிலிருந்து போட்ட சாலிசிலிக் அமிலம் முழுவதையும் அப்படியே திரும்ப எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெள்ளைப் பொடி. அதுவும் குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கரையாது. தராசில் 2 கிராம் காட்டும். 2.61-ஆல் வகுத்தால் 77 விழுக்காடு! ஒரு மூலக்கூறு ஆஸ்பிரின்கூட உருவாகாமல், நல்ல விளைச்சல் என்று பாராட்டத் தகுந்த எண் வந்துவிடுகிறது. இந்த ஓர் உண்மையை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் தனியாக நிற்கும் விழுக்காட்டை நம்பும் பழக்கம் போய்விடும். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு துளி விட்டால் ஊதா நிறம் வந்து உண்மையைச் சொல்லிவிடும். தூய ஆஸ்பிரின் அந்த நிறத்தைத் தராது. உருகுநிலை பார்த்தாலும் தெரியும்: ஆஸ்பிரின் ஏறத்தாழ 135 பாகையில் உருகும், சாலிசிலிக் அமிலம் 158-ஐ ஒட்டி. இரண்டும் கலந்திருந்தால் சீக்கிரமே இளகத் தொடங்கி, இழுத்து இழுத்து உருகும். எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. வெற்றிட வடிகட்டலில் இழுத்த படிகத்தை நன்றாக உலர்த்தாமல் எடை போட்டால் தண்ணீரும் சேர்ந்து 2.9 கிராம் காட்டும், 111 விழுக்காடு. நூறைத் தாண்டினால் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். 95 என்று காட்டும் ஈரப் பொடியைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. பெரிய ஆபத்து அதுதான். படிகாரத்தில் இதுவே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதன் எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் படிக நீர். ஓவனில் அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அந்த நீரில் ஒரு பகுதி வெளியேறி, கைக்கு வந்த பொருளே வராததுபோல் கணக்குக் காட்டும்.

ஆகவே கழித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, மாறா எடை வரும்வரை உலர்த்திய தூய ஆஸ்பிரின் 2.15 கிராம் என்று கொள்வோம். குறைவது 0.46 கிராம். படிகத்தைப் பிரிக்கவும் கழுவவும் மொத்தம் 50 மில்லிலிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3 கிராம் ஆஸ்பிரினைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் வடிநீரில் 0.15 கிராம் வரை போயிருக்கலாம். பனிக்கட்டி நீரில் கழுவியிருந்தால் இன்னும் குறைவு. வடிதாளை முன்னும் பின்னும் எடை போட்டால் அதில் ஒட்டியது எவ்வளவு என்று தெரியும். மறுபடிகமாக்கல் செய்திருந்தால் தாய்க்கரைசலை ஆவியாக்கினால் அங்கே தங்கியது வெளிப்படும். பச்சைப் பொருளைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டால் ஆஸ்பிரின் கரைந்துபோக, சாலிசிலிக் அமிலம் தனக்குள்ளேயே கோத்துக்கொண்ட பாலிமர் மட்டும் கரையாமல் நிற்கும். அதையும் வடிகட்டி எடை போடலாம். இவையெல்லாம் போக இன்னும் குறைந்தால் வினை முழுமையடையவில்லை என்று பொருள். ஒவ்வோர் இழப்புக்கும் மருந்து வேறு. வடிநீரில் போனது என்றால் தண்ணீரைக் குறைத்து, குளிரைக் கூட்ட வேண்டும். வினை முடியவில்லை என்றால் நேரத்தையோ வெப்பத்தையோ பார்க்க வேண்டும். பாலிமர் என்றால் வெப்பத்தைக் கூட்டியதே தவறாக இருக்கலாம். “82 விழுக்காடு” என்ற எண் இதில் எதையும் சொல்லாது. 0.46 கிராம் என்ற எண், கேள்வி கேட்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லும். அதைக் கேட்க வைப்பதே 2.61 என்ற முதல் எண்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கோட்பாட்டு விளைச்சல் என்பது எட்டவே முடியாத கற்பனை உயரம். பல வினைகள் சமநிலையில் நின்றுவிடுபவை. நூறு விழுக்காட்டோடு ஒப்பிடுவது அந்த வினைக்குச் செய்யும் அநீதி என்பது அந்த மறுப்பு. அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் தருவது இதற்கு நல்ல உதாரணம். இதன் சமநிலை மாறிலி ஏறத்தாழ 4. இரண்டையும் சம மோல் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 விழுக்காடு மாறியதும் வினை நின்றதுபோல் ஆகிவிடும். எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் அதைத் தாண்டாது. அப்படியிருக்க நூறு என்ற அளவுகோல் எதற்கு? எனக்கு இந்த மறுப்பில் பாதி உண்மை தெரிகிறது. சமநிலை வரம்பு என்ற இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது அந்தப் பாதி. முதல் எண்ணைத் தூக்கி எறியவேண்டும் என்பது அதிலிருந்து வராது. இரண்டு எண்களும் இருந்தால்தான் குறை இரண்டாகப் பிரியும்: வினையின் இயல்பால் வராதது எவ்வளவு, நம் கைக்குறையால் வராதது எவ்வளவு என்று. 67-க்குப் பதில் 60 வந்தவர் தன் வேலையில் ஏழு பங்குதான் தேட வேண்டும். மீதி முப்பத்துமூன்றைக் குடுவைக்குள் தேடிப் பயனில்லை, திட்டத்தை மாற்றித்தான் பெற வேண்டும். மாற்றவும் முடியும். அதே அமிலத்துக்கு மூன்று மடங்கு மோல் எத்தனால் எடுத்தால், அதே மாறிலி 4-ஐ வைத்துக் கணக்குப் போட்டால், அமிலத்தில் 90 விழுக்காடு எஸ்டராகிவிடும். உருவாகும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் மேலே போகலாம். கோட்பாட்டு விளைச்சல் மூன்று வழியிலும் ஒன்றேதான், அமிலத்தின் மோல் மாறவில்லையல்லவா. மாறாமல் நின்ற அந்த அளவுகோலால்தான் எந்த வழி மேலானது என்று சொல்ல முடிகிறது.

அம்மோனியா இதைவிடப் பெரிய சாட்சி. ஒரு டன் அம்மோனியாவுக்குக் கணக்குப்படி 822 கிலோ நைட்ரஜனும் 178 கிலோ ஹைட்ரஜனும் போதும். ஆனால் உயர் அழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின் மேல் ஒருமுறை வாயுவைச் செலுத்தினால் சுமார் 15 விழுக்காடுதான் அம்மோனியாவாக மாறுகிறது. ஒருமுறை விளைச்சலை மட்டும் பார்த்து இந்த வினை உருப்படாது என்று யாராவது மூட்டை கட்டியிருந்தால் உலகின் உர உற்பத்தி இன்றைய அளவுக்கு வந்திருக்காது. ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் செய்துகாட்டியதிலேயே, உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு மாறாத வாயுவை மறுபடி உள்ளே அனுப்பும் சுழற்சி இருந்தது. 1913-இல் ஓப்பாவில் போஷின் தொழிற்சாலை அதைப் பெரிய அளவில் நடத்தியது. மாறாத 85 பங்கு காணாமல் போகவில்லை, மாறாமல்தான் இருக்கிறது என்ற தெளிவு இருந்ததால்தான் அதைத் திருப்பி அனுப்பும் எண்ணம் பலித்தது. வராதது இரண்டு வகை: வேறு பொருளாகிப் போனது, மாறாமல் நிற்பது. தொழிலில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் அவரிடம் ஒரு ரியாக்டரை ஒப்படைக்க நான் தயங்குவேன்.

இன்னொரு மறுப்பு கருவிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. எச்பிஎல்சி, என்எம்ஆர் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் குடுவைக்குள்ளேயே எவ்வளவு பொருள் உண்டாகியிருக்கிறது என்று அளந்துவிடலாமே, இந்தப் பழைய தராசுக் கணக்கு எதற்கு என்கிறார்கள். கருவி காட்டுவது கரைசலில் இருக்கும் அளவை. புட்டியில் அடைத்துக் கொடுக்கக்கூடிய அளவை இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிரித்தெடுத்தல், கழுவுதல், வடிகட்டுதல், நிரல்வண்ணப்படிவுப் பிரிகை என்று வரிசையாகப் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். 2010-இல் வெர்னரோவாவும் ஹட்லிக்கியும் இதைச் சோதித்து எழுதினார்கள். தூய பொருளை எடை தெரிந்து எடுத்து, வினை எதுவும் செய்யாமல், வழக்கமான இந்தப் படிகளின் வழியாக மட்டும் செலுத்தித் திரும்பப் பெற்றுப் பார்த்தார்கள். சிறிய அளவில் இந்தப் படிகளையெல்லாம் கடந்து வந்த பொருளுக்கு 94 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் என்று சொல்வது நம்பத்தக்கதல்ல என்பது அவர்கள் முடிவு. ஆய்விதழ்களில் 98, 99 என்று தாராளமாக அச்சாகும் எண்களை வைத்துப் பார்த்தால் இது கசப்பான செய்திதான். 1921 முதல் வெளிவரும் ஆர்கானிக் சிந்தசிஸ் தொகுதிகளுக்கு இந்தத் துறையில் தனி மரியாதை இருப்பதற்குக் காரணமும் இதோடு சேர்ந்தது: அங்கே ஒரு செய்முறை அச்சேறும் முன் வேறோர் ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்து உறுதிசெய்கிறார்கள். கருவிகளை நான் குறைத்துப் பேசவில்லை. எச்பிஎல்சி குடுவையில் 96 என்று காட்டி, தராசு 82 என்று காட்டினால் பதினான்கு பங்கு வினைக்குப் பின்னால்தான் தொலைந்தது என்று உடனே தெரிகிறது. ஆனால் அந்த 96-ம் அதே கோட்பாட்டு விளைச்சலை வைத்துக் கணக்கிட்டதுதான்.

பசுமை வேதியியல் பேசுபவர்களின் மறுப்பு எனக்கு எல்லாவற்றிலும் மதிப்புமிக்கதாகப் படுகிறது. விளைச்சல் என்ற அளவே கண்ணை மறைக்கிறது. வினைக்குள் போன அணுக்களில் எத்தனை விளைபொருளில் இடம்பெறுகின்றன என்றுதான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். 1991-இல் பாரி டிராஸ்ட் இதை அணுச் சிக்கனம் என்ற கருத்தாக முன்வைத்தார். ஐபுபுரூஃபன் மாத்திரை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். பூட்ஸ் நிறுவனத்தின் பழைய முறையில் ஆறு படிகள். சமன்பாடுகளில் வரும் வினைபடுபொருள்களின் மோலார் நிறைகளைக் கூட்டினால் 514.5, ஐபுபுரூஃபனின் நிறை 206. ஒவ்வொரு படியும் நூறு விழுக்காடு விளைச்சல் தந்தாலும்கூட உள்ளே போனதில் 40 விழுக்காடுதான் மருந்தாகும், மீதி கழிவு. பின்னால் வந்த பிஎச்சி முறை மூன்று படிகளில் முடிந்து அதை 77 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. துணை விளைபொருளான அசிட்டிக் அமிலத்தையும் மீட்டெடுத்தால் ஏறக்குறைய முழுவதும் பயனாகிறது. 1997-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது அதற்குக் கிடைத்தது. இந்த விமர்சனத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். நம் ஆஸ்பிரின் குடுவையே அதற்குச் சாட்சி: 0.0529 மோல் அன்ஹைட்ரைடில் வினைக்குத் தேவைப்பட்டது 0.0145 மோல், மிச்சமான 3.9 கிராம் தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகித் தொட்டிக்குள் போகிறது. விளைச்சல் நூறே வந்தாலும் அந்த 3.9 கிராம் விழுக்காட்டில் தெரியாது. ஆனால் அது தெரியவந்தது எப்படி? இரண்டு வினைபடுபொருள்களின் மோலையும் எழுதி, எது முதலில் தீரும் என்று பார்த்தோமே, அந்த வரியில்தான். அணுச் சிக்கனமும் அதே சமன்பாட்டிலிருந்து பிறக்கும் இன்னொரு கணக்கு. காகிதத்தில் அணு ஒன்றுகூட வீணாகாத வினை ஒன்று நடைமுறையில் இருபது விழுக்காடு விளைந்தால் அதுவும் கழிவுதான் தரும். இரண்டையும் பெருக்கிப் பார்ப்பவருக்கே முழு விவரம் கிடைக்கும். ஆகையால் முதலில் தீரும் பொருளின் மோலை மட்டும் எழுதிவிட்டு மற்றதை ‘அதிகம்’ என்று விட்டுவிடும் வழக்கத்தை நிறுத்தினால் போதும். எவ்வளவு அதிகம், அது எங்கே போகிறது என்று எழுத வேண்டும்.

மருந்துத் தொழிற்சாலைகளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு விருப்பப் பாடமாக இல்லை, சட்டம். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை விதிகளில், ஒவ்வொரு முக்கியக் கட்டத்தின் முடிவிலும் உண்மை விளைச்சலையும் அது கோட்பாட்டு விளைச்சலில் எத்தனை விழுக்காடு என்பதையும் ஒருவர் கணக்கிட, இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. மருந்தின் மூலப்பொருள்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறியான ஐசிஎச் கியூ7, முந்தைய உற்பத்தித் தரவுகளிலிருந்து எதிர்பார்க்கும் விளைச்சலின் எல்லைகளை வகுத்துக்கொண்டு, முக்கியமான படிகளில் அந்த எல்லை மீறினால் காரணத்தை ஆராயச் சொல்கிறது. எல்லை மீறுவது என்றால் கீழே இறங்குவது மட்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். மேலே போவதும் மீறல்தான். டிரையரில் ஈரம் தங்கியிருக்கலாம், கரைப்பான் மிச்சமிருக்கலாம், முந்தைய பேட்சின் பொருள் சென்ட்ரிஃபியூஜ் பையில் ஒட்டியிருந்து இதில் சேர்ந்திருக்கலாம். மருந்தாகப் போகும் பொருளில் இவை ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் உடம்பைத் தொடும் விஷயம். அதிக விளைச்சல் வந்த நாளில் பாராட்டுக்கு முன் விசாரணை நடப்பது நியாயமானது. அசிட்டிக் அன்ஹைட்ரைடை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கின் எல்லை ஆய்வகத்துக்கு வெளியேயும் நீள்கிறது. ஹெராயின் தயாரிக்கவும் பயன்படுவதால் இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வாங்கியது, செலவழித்தது, கையிருப்பு எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். இத்தனை கிலோ விளைபொருளுக்கு இத்தனை கிலோ அன்ஹைட்ரைடு போதும் என்று சமன்பாடு சொல்கிறது. பதிவேட்டில் அதைத் தாண்டிய செலவு இருந்தால், அது கழிவாகப் போனதற்கான விளக்கத்தை அந்தத் தொழிற்சாலையின் வேதியியலாளர்தான் தர வேண்டும்.

விளைச்சலைவிட விலைதானே முக்கியம் என்று கணக்குப் பிரிவினர் சொல்வதுண்டு. மலிவான மூலப்பொருள், குறுகிய நேரம், எளிய வடிகட்டல் இருந்தால் எழுபது விழுக்காடு போதும் என்பார்கள். ஒரே படியில் முடியும் தயாரிப்புக்கு இதை மறுக்க மாட்டேன். படிகள் பெருகும்போதுதான் இந்தப் பேச்சு உடைகிறது. ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு என்றால் பத்தாவது படியின் முடிவில் எஞ்சுவது 35. ஒவ்வொன்றும் 80 என்றால் 11. பெருக்கல் யாருக்கும் சலுகை காட்டாது. புரதத்தைப் பிசின் மணிகளின் மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோக்கும் முறையை 1963-இல் வெளியிட்ட மெரிஃபீல்டு, 1969-இல் குட்டேயோடு சேர்ந்து 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியைத் தொகுத்தார். 123 இணைப்புகள். ஒவ்வொன்றும் 95 விழுக்காடு என்றால் முடிவில் முழுச் சங்கிலி ஆயிரத்தில் இரண்டுகூட இருக்காது. 99 என்றால் 29 விழுக்காடு இருக்கும். தனிப் படியில் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத நான்கு புள்ளிதான், அந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதை முடிவுசெய்கிறது. விலை பேசுபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பத்துப் படிகளில் எதில் பத்து விழுக்காட்டை இழந்தாலும் மொத்த விளைச்சல் ஒன்றேதான், செலவு ஒன்றல்ல. முதல் படியில் இழந்தது மூலப்பொருள் மட்டும். ஒன்பதாவது படியில் இழந்த ஒரு கிலோவில் முந்தைய எட்டுப் படிகளின் கரைப்பானும் கரண்டும் கூலியும் கலந்திருக்கின்றன. ஆகவே எந்தப் படியில் எந்தக் கிராம் போனது என்ற விவரம் விலைக் கணக்குக்கும் வேண்டும்.

கல்லூரிச் செய்முறைத் தேர்வுகளில் தயாரிப்புக்கு மதிப்பெண் போடும் முறையை இந்த வெளிச்சத்தில் திருத்த வேண்டும் என்று விரும்புகிறேன். வடிதாளில் கொண்டுவந்து காட்டும் பொடியின் அளவுக்கும் நிறத்துக்கும் மதிப்பெண் போனால் மாணவர் அளவைக் கூட்டப் பார்ப்பார். ஈரத்தோடு எடை போடுவதும் மறுபடிகமாக்கலைத் தவிர்ப்பதும்தான் அதற்கு எளிய வழிகள். மறுபடிகமாக்கினால் எடை குறையும் என்பது அவருக்குத் தெரியும். நாம் வைத்த தேர்வே தூய்மைக்குத் தண்டனை விதிக்கிறது. மாறாக, பரிசோதனை தொடங்கும் முன் எல்லா வினைபடுபொருள்களின் மோலும் கோட்பாட்டு விளைச்சலும் எழுதப்பட்டுத் தேர்வாளரின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்; முடிவில் குறைந்த கிராமை வடிநீர், வடிதாள், தாய்க்கரைசல், மாறாத அமிலம் என்று பிரித்து எழுதியதற்கும், அதற்கு ஃபெரிக் குளோரைடு துளியோ உருகுநிலையோ சாட்சி வைத்ததற்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி போக வேண்டும். அப்போது 60 விழுக்காட்டோடு வந்து, மீதி நாற்பதில் முப்பத்தைந்தை எங்கே என்று காட்டிய மாணவி, அந்தத் துளி விட்டதும் ஊதாவாகும் 88 விழுக்காட்டுப் பொடியோடு வந்தவரைவிட அதிக மதிப்பெண் பெறுவார். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கிற தராசும் உருகுநிலைக் குழாயும் கழுவிய நீரைக் கொட்டாமல் எடுத்துவைக்க ஒரு பீக்கரும் போதும்.